பொன்னாடை போட்டவர் யார் பக்கம்?

அயல்நாட்டுச் செய்தி மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பர்மிய மொழியில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பீர்கள். ஆனால் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குத் தமிழில்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். மெதுவாகவே படியுங்கள். இந்த வேலைக்கு மெதுவாகப் படிப்பது நல்ல பழக்கம்தான்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். அதுவரைக்கும் ரங்கூனில் ஒரு செய்தி நிறுவனத்தில் ஆங்கிலச் செய்திகளைப் பர்மிய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவர்கள் மேலிடத்துக்குப் பயந்து ஒவ்வொரு வரிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேசையைப் பார்த்து, "உங்களுக்கென்ன, யாரோ ஊர்ச் சண்டை" என்று கேலி செய்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் யாரோ யாரையோ ஆதரித்தால் ரங்கூனில் தாமுவே வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது? வரத்தான் பார்த்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்துவிட்டால் எங்களுக்குச் சுடச்சுட வந்து குவிவது ஆதரவு அறிவிப்புகள். இந்த ஆளுநர் அந்த வேட்பாளரை ஆதரிக்கிறார், இந்தப் பாடகி அவரை ஆதரிக்கிறார், இன்ன பத்திரிகை இன்னாரை ஆதரிக்கிறது என்று வந்துகொண்டே இருக்கும். நம் வாசகர்களுக்கு இது முதலில் புரியாது. நம் ஊரில் யார் யார் பக்கம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் முன்வரிசையில் உட்கார்ந்தார், யார் வீட்டுச் சாவுக்கு யார் வரவில்லை என்பதை வைத்து நாமே தெரிந்துகொள்வோம். அங்கே அப்படியில்லை. மைக் முன்னால் வந்து நின்று, "நான் இவர் பக்கம்" என்று ஊரறியச் சொல்கிறார்கள். சொன்ன பிறகு நல்லதோ கெட்டதோ அவர்கள் தலையில்தான்.

ஒரு தடவை ஒரு பழைய பாடகர் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதாக இணையத்தில் ஒரு செய்தி வந்தது. படம் இருந்தது, அழகான நாலு வரி இருந்தது. மேசையில் ஒரு பையன் மளமளவென்று மொழிபெயர்த்துவிட்டான். படித்துப் பார்த்த எனக்கு ஏதோ உறுத்தியது. எழுந்து போய்ப் பழைய இதழ்களைப் புரட்டினால், அந்தப் பாடகர் செத்துப் போனதை நாங்களே படத்தோடு போட்டிருக்கிறோம். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வெளியே போகாமல் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். வள்ளி விஷயத்தில் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

வள்ளி, பர்மியர் பெண்களை மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி மா வள்ளி, தாமுவே சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தையல் மெஷின் போட்டிருப்பவள். எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். என்னைவிட இளையவள் என்பதால் அக்கா என்பாள். அவளுடைய புருஷன் ராஜுவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப் போயிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்து, அந்த வாரக் கடைசியில் இருவரும் மிங்கலாடோன் விமான நிலையத்தில் விமானம் ஏற வேண்டும். இன்னொரு தரம் இதெல்லாம் கூடி வருவதற்குள் ராஜு தாங்க மாட்டார் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

வள்ளிக்கு ஒரே தம்பி, முருகேசன். மலேசியாவுக்குப் பிழைக்கப் போய், அங்கிருந்து அகதியாக அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டவன். அங்கே ஒரு சின்ன நகரத்தில் நம் நாட்டு ஜனங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவன் தலைவர். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதெல்லாம் வள்ளி ஒரு கையில் டேப்பையும் இன்னொரு கையில் போனையும் வைத்துக்கொண்டு தம்பி படத்தைக் காட்டுவாள். அதனால் அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலையில் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரைப் பர்மிய வழக்கப்படி சயா, அதாவது ஐயா, என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் மற்றவர்கள் முந்திக்கொண்டால் அவருக்குச் சோறு இறங்காது. போனை என் பக்கம் திருப்பினார். இங்கே தடை செய்யப்பட்ட ஃபேஸ்புக்கை வி.பி.என் போட்டுத் திறந்து வைத்திருந்தார். ஒரு செய்திப் பக்கத்தில் ஒரு படம். அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளருக்கு, அவர் பெயர் இங்கே வேண்டாம், முருகேசன் சரிகைப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறான். வேட்பாளர் கொஞ்சம் குனிந்து கொடுத்திருக்கிறார். கீழே பர்மிய மொழியில், ரங்கூன்காரர் அமெரிக்க வேட்பாளருக்கு ஆதரவு தெரிவித்தார் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள்.

"தாமுவே ஆளாம், மா எஸ்தர்" என்றார் சயா. "உங்க ஜனம் மாதிரி தெரியுது. பேர், அப்பா பேர், வீடு எங்க, வீட்டுல இப்ப யாரு இருக்கா, எல்லாம் வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் நாம முழுசாப் போடுவோம். அவங்க கிட்ட படம்தானே இருக்கு, நம்ம கிட்ட குடும்பமே இருக்கும்."

சயா சொன்னதில் தப்பேதும் இல்லை, செய்தி என்று பார்த்தால் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இன்றைய நாளில் ஒரு குடும்பத்தின் பெயரும் தெருவும் ஏதோ ஓர் அரசியல் செய்தியில் வந்துவிட்டால், யார் எதற்குக் கூப்பிட்டு என்ன கேட்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுமே நடக்காமலும் போகலாம். விமான நிலையத்தில் தனியே உட்காரவைத்து, யார் இந்தத் தம்பி, என்ன கட்சி என்று விசாரிக்கவும் செய்யலாம். விசாரித்துவிட்டு விட்டும்விடலாம். ஆனால் விமானம் நிற்குமா? ராஜுவின் வால்வு பொறுத்திருக்குமா?

"சயா, இது ஆதரவு இல்லை" என்றேன்.

"எப்படி இல்லை? துணியைப் போர்த்தி மரியாதை பண்றான். இது கடோ. பெரியவர்னு மனசார ஏத்துக்கிட்டவங்களுக்குத்தான் கடோ செய்வோம். இதுக்கு மேல என்ன வேணும்?"

கடோ என்பது பர்மியர் தங்கள் ஆசிரியரையும் பெரியவர்களையும் காணிக்கை வைத்து வணங்கும் வழக்கம். அவர் கண்ணுக்குப் படம் அப்படித் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. என் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தது. நம் ஜனங்கள் கூட்டம் போட்டால் மேடை ஏறியவர் எல்லோருக்கும் பொன்னாடை உண்டு. பேச வந்தவருக்குப் போடுவோம், பேசாமல் உட்கார்ந்திருந்தவருக்கும் போடுவோம். எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூட விழா ஒன்றில் மைக் சரிசெய்ய ஏறிய எலக்ட்ரீஷியனுக்கும் போட்டு, படம் எடுத்து, கைதட்டி அனுப்பினார்கள். அந்த மனிதர் பொன்னாடையோடு ஏணியில் ஏறி மிச்ச வேலையைப் பார்த்தார். அவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் சயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் விடவில்லை.

"நீங்க நினைக்கிறது அது. நான் நினைக்கிறது இது. அவன் என்ன நினைச்சுப் போட்டான்?"

சரியான கேள்வி. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். சயா பர்மிய வழக்கத்தை வைத்து ஆதரவு என்றார். நான் தமிழ் வழக்கத்தை வைத்து இல்லை என்றேன். இரண்டுமே ஊகம்தான். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பாசம் இருந்ததால் என் ஊகம் எனக்கு உறுதியாகப் பட்டது, அவ்வளவுதான். அவன் மைக் முன்னால் நின்று ஏதாவது சொன்னானா என்பது இருவருக்கும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள், அவன் வாயாலேயே கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். சயா கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சரி என்றார்.

தாமுவேக்குப் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் போயிருந்தது. வள்ளி வாசலோரம் மெஷினை இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். ராஜு உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் கட்டி முடித்த பெட்டி. என்னைப் பார்த்ததும் வள்ளி ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"பாத்தீங்களாக்கா தம்பி படத்த? நாந்தான் போட்டேன்."

முருகேசன் படத்தை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். அக்கா அதைத் தன் ஃபேஸ்புக்கில் போட்டு, 'என் தம்பி இவர் பக்கம், எங்கள் குடும்பம் முழுதும் இவர் பக்கம்' என்று கீழே எழுதியிருக்கிறாள். அங்கிருந்து அந்தச் செய்திப் பக்கம் எடுத்திருக்கிறது.

"அவன் அப்படிச் சொன்னானா வள்ளி?"

"சொல்லணுமா? பொன்னாடை போட்டிருக்கான்ல. உங்க பேப்பர்லயும் போடுங்கக்கா. என் பேரையும் போடுங்க, தாமுவேன்னு போடுங்க. இத்தன வருஷமா உன் தம்பி அங்க என்ன கிழிக்கிறான்னு கேட்டாங்க பாருங்க, இந்தச் சந்துக்காரங்க. எல்லாரும் பாக்கட்டும்."

வள்ளியைத் தடுப்பதைவிடச் சயாவைத் தடுப்பது சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது. பெயரையும் தெருவையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்பமே தட்டில் வைத்து நீட்டுகிறது. சம்மதம் வாங்கியாகிவிட்டது என்று நான் திரும்பிப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்த சம்மதத்தை வாங்கிக்கொண்டு போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவளை உட்காரவைத்து, நான் பயந்ததை அப்படியே சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடக்காமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "குடும்பம் முழுதும்னு வேற எழுதிட்டேனேக்கா" என்றாள் மெல்ல.

ராஜு நாற்காலியிலிருந்தபடியே, "நான் யார் பக்கமும் இல்லக்கா. நான் ஆபரேஷன் பக்கம்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மனசில்லை. நான் சிரித்தேன். வள்ளி சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு அழைப்புப் போட்டாள்.

முருகேசன் அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். விடியும் முன்னே எழுந்துவிடுவான், நமக்கு அது பிற்பகல். உடனே எடுத்தான். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்.

"தம்பி, நீங்க அவரை ஆதரிக்கிறதா எங்கயாவது சொன்னீங்களா? மேடையில, பத்திரிகைக்காரங்க கிட்ட, எழுத்துல?"

"ஐயோ, இல்லக்கா. யாரு சொன்னா?" என்றான். பிறகு விவரம் சொன்னான். சங்கத்துக்குக் கூடம் கொடுக்கும் சர்ச்சில் எல்லா வேட்பாளர்களையும் ஜனங்களைச் சந்திக்க அழைத்திருக்கிறார்கள். இவர் முதலில் வந்தார். "அடுத்த வாரம் இன்னொருத்தர் வர்றாரு. அவருக்கும் இதே பொன்னாடைதான், ஒரே கட்டா வரவழைச்சது. எங்க சங்கத்துல பாதிப் பேர் இவரு, பாதிப் பேர் அவரு. நான் யாருன்னு என் பொண்டாட்டி கிட்டகூடச் சொன்னதில்ல. அதோட எனக்கு இன்னும் ஓட்டே வரலக்கா. சிட்டிசன் இன்டர்வியூவுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஓட்டே இல்லாத ஒருவர், கேட்காத ஆதரவை, சொல்லாத வாயால் கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. என் ஊகம் சரியாகப் போனதற்காக மட்டும் அல்ல. தம்பி நிஜமாகவே ஆதரவு சொல்லியிருந்தால், செய்தியையும் இந்தக் குடும்பத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெயரை மறைத்துப் போடுவோம் என்று சயாவோடு மல்லுக்கு நின்றிருப்பேன். ஜெயித்திருப்பேனா என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனை எனக்கு வராமல் போனது என் அதிர்ஷ்டம்.

அக்காவும் தம்பியும் பேசட்டும் என்று போனை வள்ளியிடம் கொடுத்தேன். "நீ பெரிய ஆளுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான்டா போட்டேன்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவன் என்ன பதில் சொன்னானோ, அவள் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே, என் எதிரிலேயே, அந்தப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டாள். எடுக்கும்போது அவளுக்கு வலித்தது. இதில் பரிகாசம் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. நம் பிள்ளையை நாலு பேர் மெச்ச வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அலுவலகத்துக்கு வந்து சயாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அப்ப அந்த இடத்துல நான் என்ன போடறது?" என்றுதான். அதற்கும் தயாராகவே போயிருந்தேன். அன்றைக்கே உண்மையான ஆதரவு அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. அதே வேட்பாளரோடு போட்டியிட்டுத் தோற்று, அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளுநர், இப்போது அவருக்கே ஆதரவு என்று அறிவித்திருந்தார். படத்தில் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி நிற்கிறார்.

சயா படத்தைப் பார்த்தார். "இந்த மூஞ்சியா ஆதரவு?"

"ஆமா சயா. மைக் முன்னால நின்னு, தன் வாயால சொல்லியிருக்கார். மூஞ்சி எப்படி இருந்தா என்ன?"

சயா படத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அவன் சிரிச்சுக்கிட்டே துணி போட்டா ஆதரவு இல்லை, இவன் அழுதுக்கிட்டே சொன்னா ஆதரவு. நல்ல தேசம்" என்றார். பிறகு அந்தச் செய்தியையே மேலே தூக்கிப் போடச் சொன்னார். தலைப்பை அவரே எழுதினார், நன்றாகவும் எழுதினார். படம் போட்டிருந்த அந்தப் பக்கத்துக்கும் போன் பண்ணி, அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள், எடுக்கவில்லை. நல்ல வேளையாகப் பெயரும் தெருவும் அதில் இல்லை. இரண்டொரு நாளில் வேறு ஏதோ கூத்து வந்து அதை மூடிவிட்டது.

வாரக் கடைசியில் அவர்கள் கிளம்பிய நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தேன். சயாவும் என் மேசைப் பக்கம் எதற்கோ வருவதும் போவதுமாக இருந்தார், வாயைத் திறந்து கேட்கவில்லை. ஒருவழியாகப் போன் அடித்தது.

"உள்ள வந்துட்டோம்க்கா. பிளேன் கண்ணுக்குத் தெரியுது" என்றாள் வள்ளி. "வெளிநாட்டுல யாரு இருக்கான்னு கேட்டாங்க. தம்பி இருக்கான், சௌக்கியமா இருக்கான்னேன். அதோட வாய மூடிக்கிட்டேன். எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு பாத்துக்குங்க."

சயாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் போய் மேசைக்கு முழுக்கத் தேநீர் வரவழைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த வேலையில் உங்களை அவசரப்படுத்த ஆள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை விரோதியாக நினைக்காதீர்கள். சயா அன்றைக்கு "அவன் என்ன நினைச்சுப் போட்டான்" என்று கேட்டிராவிட்டால், நான் என் பாசத்தையே உண்மை என்று எழுதி வைத்துவிட்டு வந்திருப்பேன். சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுத்த நேரத்தில் சும்மா உட்காராமல் போய்க் கேளுங்கள். அவரவர் வாயிலிருந்து வந்ததை எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆபரேஷன் அன்று நான் சர்ச்சில்தான் இருந்தேன். மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்து நிற்கும்போது சென்னையிலிருந்து அழைப்பு. வள்ளி அழுதுகொண்டே பேசியதால் முதலில் எனக்கு உயிரே போய்விட்டது.

"கண்ணு முழிச்சிட்டாருக்கா. நல்லாயிட்டாரு. இனி பயமில்லையாம்."

இத்தனை வருடப் பழக்கம் என்னை விடுமா? "யாரு சொன்னா? டாக்டர் தன் வாயால சொன்னாரா?" என்றேன்.

"டாக்டரேதான்க்கா. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, இத ஃபேஸ்புக்ல போடலாமா?"

சர்ச் வாசலில் நின்றுகொண்டு நானும் அழுதேன்.

"போடு வள்ளி. பேர் போட்டுப் போடு. எவ்வளவு பெரிய எழுத்து இருக்கோ, அவ்வளவு பெரிய எழுத்துல போடு" என்றேன்.